நஷ்டக் கணக்கில் வளர்ந்த பாதுஷா

வியாபாரத்தில் இருக்கும் நம்மவர் எல்லோருக்கும் பிள்ளைகளைப் பற்றிய எண்ணம் ஒன்று உண்டு. நாம் பட்ட கஷ்டத்தை நம் மகன் படக்கூடாது என்பதே அது. கல்லாவில் உட்கார்ந்த மகன் கணக்கில் தவறினால், அவன் அறியுமுன்னே நாம் கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்டி விடுகிறோம். அவன் ஆள் தெரியாமல் கடன் கொடுத்துவிட்டால் நாமே அலைந்து வசூலித்து வருகிறோம். பரீட்சையில் தேறாவிட்டால் வாத்தியாரைக் குறை சொல்லுகிறோம். இவை யாவும் அன்பினால் செய்வனவே. ஆனால் அந்த அன்பு பிள்ளைக்குத் துணையாகிறதா, அல்லது அவன் காலைக் கட்டிப் போடுகிறதா என்பதை நாம் நின்று யோசிப்பதில்லை. இதை யோசிக்க உதவும் பொருட்டு, யாவரும் பெயரளவில் அறிந்த ஒருவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறேன். அவர்தாம் இந்தியாவில் மொகலாய ராஜ்யத்தை நிறுவிய ஜஹீருத்தீன் முகம்மது பாபர்.

பாபர் என்றதும் 1526-ல் பானிப்பட்டில் வென்ற பாதுஷாவைத்தான் நாம் நினைக்கிறோம். அந்த ஒரு வெற்றிக்கு முன்னால் முப்பது வருஷத் தோல்விக் கணக்கு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கணக்கை ஒளிக்காமல் எழுதி வைத்தவரும் அவரேதான். துருக்கி மொழியில் அவர் எழுதிய பாபர் நாமா என்னும் சுயசரிதையில் தம் வெற்றிகளைப் போலவே தம் தவறுகளையும் வரவு செலவு எழுதுவது போல எழுதியிருக்கிறார். அவரது யுத்தங்களில் சிந்திய இரத்தத்தைப் புகழுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பாலகன் எவ்வாறு விழுந்து எழுந்து மனிதனானான் என்பதே நமக்கு வேண்டியது.

பாபர் 1483-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள அந்திஜான் நகரில் பிறந்தார். தகப்பனார் உமர் ஷெய்கு மிர்ஸா, பர்கானா என்னும் சிறிய நாட்டின் அதிபதி, தைமூரின் வம்சத்தவர். தாயார் குத்லுக் நிகார் கானம், செங்கிஸ்கானின் வம்சத்தவர். 1494-ம் வருஷம் ஜூன் மாதம், அக்ஸி என்னும் ஊரில் பள்ளத்தாக்கின் விளிம்பில் கட்டியிருந்த புறாக்கூண்டு மாடம் சரிந்து விழ, அதோடு விழுந்து தகப்பனார் மரணமடைந்தார். அப்பொழுது பாபருக்கு வயது 11. மேற்கேயிருந்து பெரிய தகப்பனார் ஒருவர், வடக்கேயிருந்து தாய்மாமன் ஒருவர், இருவரும் படையோடு வந்துவிட்டார்கள். தகப்பன் இறந்த வீட்டில் சொந்தக்காரர்களே பங்கு கேட்டு வாசலில் நிற்பது நம் வியாபார உலகத்துக்குப் புதிதல்ல.

அந்தச் சமயத்தில் பாலகனுக்குப் பின்னால் நின்றவர் தாயைப் பெற்ற பாட்டியார் ஈஸான் தௌலத் பேகம். அறிவிலும் யோசனையிலும் அவருக்கு நிகரான பெண்கள் சிலரே என்று பாபர் எழுதியிருக்கிறார். பையனை விலக்கிவிட்டு அவன் தம்பி ஜஹாங்கீரைப் பட்டத்தில் வைக்க அமைச்சன் ஒருவன் சதி செய்தபொழுது, நம்பிக்கையான பிரபுக்கள் அந்த அம்மையாரிடம் கூடித்தான் யோசனை செய்தார்கள். சதிகாரன் ஊரை விட்டு ஓடினான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டியார் யோசனை கூறினார்; ஆனால் பேரனைத் திரை மறைவில் வைத்துக்கொண்டு தாம் அரசாளவில்லை. குதிரையில் ஏறியவன் பையன். உத்தரவு போட்டவன் பையன். தவறினால் அந்தத் தவறு அவன் பெயரில்தான் எழுதப்பட்டது.

அவ்விதம் எழுதப்பட்ட முதல் பெரிய நஷ்டம் சமர்க்கந்து. தைமூரின் தலைநகரமான அந்த ஊரை அடைய வேண்டும் என்பது பாபருடைய சிறு பிராய ஆசை. 1497-ல், 14 வயதில், ஏழு மாதம் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார். ஆனால் ஏழு மாத முற்றுகையில் ஊர் வற்றிப் போயிருந்தது. விதைநெல்லுக்கே வழியில்லாத குடிகளிடம் என்ன வசூலிப்பது? கூலியும் கொள்ளையும் கிடைக்காத சிப்பாய்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். அவர்களிற் சிலர் அந்திஜானுக்குப் போய், ஜஹாங்கீரை முன்னிறுத்திக் கலகம் செய்தார்கள். தாயாரும் பாட்டியாரும் உதவி கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அந்நேரம் பாபர் கடும் நோயில் கிடந்தார். பஞ்சில் தண்ணீரை நனைத்து வாயில் பிழியும்படியான நிலைமை. எழுந்து புறப்பட்டபொழுது சமர்க்கந்தில் அவர் ஆண்ட காலம் வெறும் 100 நாள். வழியில் வந்த செய்தியோ, அந்திஜானும் கைவிட்டுப் போயிற்று என்பது. கோட்டையைக் காத்து நின்ற அவரது வழிகாட்டியான க்வாஜா மௌலானா காழி என்னும் பெரியாரைப் பகைவர்கள் கோட்டை வாசலிலேயே தூக்கிலிட்டு விட்டார்கள். கிளைக் கடையைப் பிடிக்கப் போய்த் தலைக் கடையையும் இழந்தவர் கதைதான் இது. அடக்க முடியாமல் அழுததாக அவரே எழுதியிருக்கிறார்.

பெண்டு பிள்ளைகளைப் பகைவர்கள் பின்னர் அவரிடம் அனுப்பி வைத்தார்கள். தாயும் பாட்டியும் வந்து சேர்ந்தார்கள். பிறகு 1499-ல் அந்திஜான் மீண்டும் கைக்கு வந்தது. அப்பொழுது பாபருக்கு வயது 16. அங்கேதான் இரண்டாவது தவறு நடந்தது. முன்பு கலகத்தில் அவருடைய ஆட்களின் சொத்தைக் கொள்ளையடித்த மங்கோலியச் சிப்பாய்கள் இப்பொழுது அவரிடமே சேவகத்துக்கு வந்திருந்தார்கள். தங்கள் பொருளை அடையாளம் கண்டவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று பாபர் உத்தரவு போட்டார். நியாயமான உத்தரவுதான். ஆனால் பகைவன் பக்கத்திலேயே இருக்கும்பொழுது, ஆயுதம் தாங்கிய கூட்டத்தை ஒரே நாளில் பகைத்துக்கொள்ளும் உத்தரவு. மூவாயிரம் நாலாயிரம் பேர் கலகம் செய்து எதிரியோடு சேர்ந்து கொண்டார்கள். நியாயமும் வேண்டும், நேரமும் அறிய வேண்டும் என்பதை அவர் கற்றுக்கொண்டது எந்தக் கிதாபிலும் அல்ல, இந்த நஷ்டத்தில்தான். பின் விளைவை யோசியாமல் செய்தது தம் தவறே என்று ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

1500-ல், 17 வயதில், 240 ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு, இரவில் ஏணி சாத்தி ஏறி, இரண்டாம் முறை சமர்க்கந்தைப் பிடித்தார். எதிரி சாமானியன் அல்லன். உஸ்பெக்கர்களின் தலைவனான ஷைபானி கான். வயதிலும் யுத்த அனுபவத்திலும் மூத்தவன். 1501-ல் சர்-இ-பூல் என்னுமிடத்தில் இருவரும் மோதினார்கள். பாபருக்கு உதவிப் படைகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று ஒரு நாள் தூரத்தில், மற்றொன்று இரண்டு நாள் தூரத்தில். காத்திருந்தால் போதும். ஆனால் நட்சத்திரங்கள் இன்று சாதகமாக நிற்கின்றன, நாளை நில்லா என்று எண்ணி அவசரப்பட்டார். உஸ்பெக்கர்கள் துலுக்மா என்னும் தந்திரத்தைக் கையாண்டார்கள். அதாவது, முன்னால் மோதிக்கொண்டிருக்கும்பொழுதே படையின் ஓரங்களிலிருந்து ஒரு பகுதி வளைந்து சென்று எதிரியைப் பின்புறமிருந்து தாக்குவது. பாபரின் படை சிதறியது. நட்சத்திரக் கணக்கை நம்பி அவசரப்பட்டது வீண் காரியம் என்று பிறகு எழுதினார்.

அதன் பின் சமர்க்கந்து முற்றுகைக்குள்ளானது. ஏழைகள் நாயையும் கழுதையையும் தின்றார்கள். குதிரைகளுக்கு மர இலையைப் போட்டார்கள். யாரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் சமாதானம் பேசி, ஓர் இரவில் தாயாரோடு ஊரை விட்டு வெளியேறினார். மூத்த சகோதரி கான்ஸாதா பேகம் ஷைபானி கானின் கையில் சிக்கினார்; பத்து வருஷம் கழித்தே தம்பியிடம் திரும்பினார். மறுநாள் வழியில், பாரத்தை மறக்கவோ என்னவோ, இரண்டு துணைவர்களோடு குதிரைப் பந்தயம் விட்டார் பாபர். பின்னால் திரும்பிப் பார்க்கையில் சேணம் புரள, தலைகுப்புற விழுந்து அன்று மாலை வரை மயக்கம் தெளியாதவராக இருந்தார். இவ்வளவுக்கும் பின்னர் ஓர் ஊரில் நல்ல ரொட்டியும் இறைச்சியும் கிடைத்தபோது, வாழ்நாளில் அவ்வளவு நிம்மதி கண்டதில்லை என்று எழுதுகிறார். பசியை அறிந்தவனுக்கே ரொட்டியின் விலை தெரியும்.

அப்புறம் மலைநாட்டில் திஹ்கத் என்னும் கிராமத்தில் ஊர்த் தலைவர் வீட்டில் தங்கினார். மலைகளில் செருப்பில்லாமல் நடந்து நடந்து, கல்லும் பாறையும் ஒன்றாகத் தோன்றும் அளவுக்குப் பாதம் காய்த்துப் போயிற்று. அந்த வீட்டில் 111 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். தைமூரின் படையோடு ஹிந்துஸ்தானம் சென்ற உறவினரைப் பற்றி அந்த அம்மாள் கதை சொல்லுவார். நாடில்லாத வாலிபன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

1504-ல், 21 வயதில், பர்கானாவை முற்றிலும் விட்டுத் தெற்கே புறப்பட்டார். உடன் வந்தவர்கள் 200-க்கு மேல், 300-க்குக் குறைவு. பெரும்பாலோர் கால்நடை. கையில் தடி, காலில் முரட்டுத் தோல் செருப்பு. மொத்தம் இரண்டே கூடாரங்கள்; தமக்குரியதைத் தாயாருக்குக் கொடுத்துவிட்டார். இந்த முதலை வைத்துக்கொண்டுதான் அதே வருஷம் அக்டோபரில் காபூலை அடைந்தார். தாயார் மறு வருஷம் அங்கே காலமானார்.

நிற்க. அதே குலத்தில் பிறந்து, நஷ்டம் என்பதையே அறியாமல் வளர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும். ஹிராத் நகரத்தை ஆண்ட சுல்தான் ஹுசைன் பைக்கரா அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர். கவிகளும் ஓவியர்களும் நிறைந்த சபை அவருடையது. 1506-ல் அவர் மறைந்ததும் பதீஉஸ்ஸமான், முஸப்பர் ஹுசைன் என்னும் இரண்டு புதல்வர்களும் சேர்ந்து பட்டத்துக்கு வந்தார்கள். அவ்வருஷம் பாபர் அங்கே விருந்தாளியாகச் சென்றார். விருந்தில் முழுதாகச் சுட்ட வாத்து ஒன்று வைத்தார்கள். அதை எப்படி அறுப்பது என்று பாபருக்குத் தெரியவில்லை. பதீஉஸ்ஸமானே அழகாக அறுத்துத் துண்டு செய்து கொடுத்தார். மிர்ஸாக்கள் விருந்திலும் பேச்சிலும் சிறந்தவர்கள், ஆனால் யுத்தத்துக்கு அந்நியர்கள் என்று பாபர் கண்டுகொண்டார். மறு வருஷம், 1507-ல், ஷைபானி கான் ஹிராத்துக்கு வந்தபோது அவ்விருவரும் குடும்பத்தையும் கஜானாவையும் விட்டு ஓடினார்கள். தகப்பன் பல்லாண்டு கட்டிக் காத்த ராஜ்யம் ஒரு வருஷத்தில் போயிற்று. வாத்தை அறுக்கத் தெரியாதவன் நிலைத்தான். அறுக்கத் தெரிந்தவர்கள் நிலைக்கவில்லை.

ஹிராத்திலிருந்து பாபர் காபூல் திரும்பியது கடுங்குளிரில். மலைப்பாதையில் இடுப்பளவு, மார்பளவு பனி. தாமே இறங்கிச் சில துணைவர்களோடு பனியை மிதித்து வழி செய்தார். ஓரிரவு தங்குவதற்குக் குகை ஒன்று கிடைத்தது. அது சிறியது என்று எண்ணியதால், ஆட்கள் வெளியே பனியில் கிடக்கத் தாம் மட்டும் உள்ளே போவது முறையல்ல என்று வெளியிலேயே குழி தோண்டி உட்கார்ந்துவிட்டார். பிறகு குகை எல்லோருக்கும் போதும் என்று தெரிந்த பின்னரே யாவரோடும் உள்ளே போனார். சமர்க்கந்தில் ஆட்கள் விட்டுப் போன வலியை அறிந்தவர், ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் அறிந்துகொண்டார்.

அதோடு தோல்வி நின்றுவிட்டதா என்றால் இல்லை. 1511-ல் பாரசீக ஷா இஸ்மாயீலின் உதவியோடு மூன்றாம் முறை சமர்க்கந்தைப் பிடித்து, 1512-ல் மூன்றாம் முறையாக இழந்தார். ஆனால் 15 வயதில் இழந்தபோது அழுதவர், 29 வயதில் இழந்தபோது காபூலுக்குத் திரும்பி அடுத்த வேலையைப் பார்த்தார். விலை போகாத சரக்கைப் பிடித்துக்கொண்டு கடையை மூடுகிறவர் நல்ல வியாபாரி அல்லர். அவர் பார்வை வடக்கை விட்டுத் தெற்கே ஹிந்துஸ்தானத்தின் பக்கம் திரும்பியது.

இனி பழைய நஷ்டங்கள் எவ்வாறு முதலாக மாறின என்பதைப் பாருங்கள். 1499-ல் கொள்ளை போன பின் திருப்பிக் கொடு என்று சொல்லிக் கெட்டவர், 1519-ல் பஞ்சாபில் பீரா என்னும் ஊரை அடைந்தபொழுது, குடிகளின் ஆடு மாட்டையோ, நூல் துண்டையோ, உடைந்த ஊசியையோ கூடத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே உத்தரவு போட்டார். 1501-ல் ஒரு நாள் காத்திருக்க மாட்டாமல் கெட்டவர், 1526-ல் பானிப்பட்டில் ஒரு வாரத்துக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்தார். சிந்து நதியைக் கடக்கையில் எண்ணிப் பார்த்ததில், சிப்பாய், வேலைக்காரர், மற்றவர் யாவரும் சேர்ந்து அவரோடு வந்தவர்கள் 12,000 பேர். எதிரே இப்ராஹீம் லோடியின் படை ஒரு லட்சம் என்றும், யானைகள் ஆயிரம் என்றும் சொல்லப்பட்டது. பாபர் 700 வண்டிகளைத் தோல் கயிற்றால் பிணைத்து அரண் செய்து, இடையிடையே துப்பாக்கிக்காரரை நிறுத்தினார். இரண்டு ஓரங்களிலும் வளைந்து சென்று தாக்கும் பகுதிகளை வைத்தார். அது என்ன தந்திரம்? 25 வருஷத்துக்கு முன் ஷைபானி கான் அவரை அடித்த அதே துலுக்மாதான். தன்னைத் தோற்கடித்தவனிடமே பாடம் படித்துக்கொண்டார். ஏப்ரல் மாதம் காலையில் தொடங்கிய யுத்தம் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

இனி அவர் தகப்பனாக இருந்த விதத்தையும் பார்க்க வேண்டும். மகன் ஹுமாயூன் 1508-ல் காபூலில் பிறந்தார். பையனுக்கு 12 வயது ஆனபோது பதக்ஷான் என்னும் மலைநாட்டின் நிர்வாகத்தை ஒப்படைத்தார். வெறுமனே அனுப்பிவிடவில்லை. பாபரும் தாயார் மாஹிம் பேகமும் கூடவே சென்று, சில நாள் இருந்து, மகனை அமர்த்திவிட்டுத் திரும்பினார்கள். அமர்த்துவது பெரியவர் வேலை. ஆளுவது பிள்ளையின் வேலை. பானிப்பட்டுக்குச் சற்று முன், 18-ம் வயதில் ஹுமாயூனுக்கு முதல் யுத்தத்தைக் கொடுத்தார். அனுபவசாலிகளைக் கூட அனுப்பினார், தலைமை மகனுடையது.

1528-ல் ஹுமாயூன் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. பாபர் பதில் எழுதினார். மகன் எழுத்துப் பிழை செய்திருப்பதையும், புரியாத கடினமான வார்த்தைகளைப் போட்டிருப்பதையும், எழுதியதைத் திரும்ப வாசிக்கவில்லை என்பதையும் எடுத்துக் காட்டினார். எளிமையாக எழுதினால் எழுதுகிறவனுக்கும் சிரமமில்லை, வாசிக்கிறவனுக்கும் சிரமமில்லை என்று புத்தி சொன்னார். தனிமையை நாடுவது அரசாளுகிறவனுக்கு ஆகாது என்றும் எழுதினார். தவறை மூடி மறைக்கவில்லை. அதற்காகப் பதவியைப் பறிக்கவும் இல்லை. தவறு இது, திருத்திக்கொள் என்பதோடு நிறுத்தினார். இது அன்பில்லாத கண்டிப்பு அன்று. 1530-ல் ஹுமாயூன் கடும் நோயில் விழுந்தபோது, மகனின் படுக்கையைச் சுற்றி வந்து, அவனுக்குப் பதிலாகத் தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி அவர் துஆ கேட்டார் என்று மகள் குல்பதன் பேகம் எழுதியிருக்கிறார். அவ்வருஷம் டிசம்பர் 26-ந் தேதி பாபர் ஆக்ராவில் காலமானார். பின்னர் அவர் விரும்பியபடியே காபூலில் தோட்டமொன்றில் அடக்கம் செய்யப்பட்டார். தகப்பன் விட்டுச் சென்ற ராஜ்யத்தை ஹுமாயூன் 1540-ல் ஷேர்ஷாவிடம் முற்றிலும் இழந்தார். நாடோடியாக அலைந்து, 15 வருஷம் கழித்து 1555-ல் டில்லியை மீட்டார். இழந்ததைத் திரும்பப் பெறலாம் என்பதற்கு அவருடைய வீட்டிலேயே முன்மாதிரி இருந்தது.

சகோதரர்களே! பாபருக்கு நேர்ந்த நஷ்டங்கள் நம் பிள்ளைகளுக்கு நேர வேண்டும் என்று யாரும் கூறமாட்டார்கள். ஆசிரியர் தூக்கிலே தொங்குவதையும், சகோதரி பகைவன் கையில் சிக்குவதையும் எந்தப் பிள்ளையும் காணவேண்டாம். தகப்பன் அகாலத்தில் மறைந்ததால் பாபருக்கு எல்லா நஷ்டமும் பெரிய நஷ்டமாகவே வந்தது. சிறிய நஷ்டத்தில் பழக அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. நாம் உயிரோடு இருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அந்த அவகாசத்தை நம்மால் கொடுக்க முடியும். அதுதான் நம்முடைய பாக்கியம்.

ஆகவே, ஐயாயிரம் வெள்ளி நஷ்டத்தை அவன் முப்பது வயதில் முதன்முதலாகக் காண்பதைவிட, ஐம்பது வெள்ளி நஷ்டத்தைப் பதினைந்து வயதில் காணட்டும். பள்ளி விடுமுறையில் ஒரு தட்டுச் சரக்கை அவன் பொறுப்பில் விடுங்கள். கொள்முதலை அவனே செய்யட்டும். விலையை அவனே வைக்கட்டும். விற்காமல் தேங்கினால் நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். பேரேட்டில் அந்த நஷ்டத்தை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கே தவறியது என்று அவனே கண்டு சொல்லும் வரையில் பொறுத்திருங்கள். கேலி செய்யாதீர்கள், வந்தவர் போனவரிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள். மறுபடி அதே தட்டை அவனிடமே கொடுங்கள். ஈஸான் தௌலத் பேகம் பேரனுக்குப் பின்னால் நின்றது போல நில்லுங்கள். அவனுக்கு முன்னால் போய் நின்று மறைக்காதீர்கள்.

நாம் கல்லாவில் இல்லாத நாள் ஒன்று எல்லோருக்கும் வரத்தான் போகிறது. அன்றைக்கு நம் பிள்ளைக்கு உதவப் போவது நாம் சேர்த்து வைத்த சரக்கு மட்டும் அன்று. முன்பு ஒரு முறை விழுந்து, தானே கையூன்றி எழுந்தோம் என்ற நினைவும் அவனிடம் இருக்க வேண்டும். ஹிராத்து மிர்ஸாக்களுக்குத் தகப்பன் எல்லாம் வைத்துப் போனார், அந்த நினைவைத் தவிர. அதை நம் பிள்ளைகளுக்கு நாம் இருக்கும்போதே கொடுத்துவிடுவோமாக.